இருநூற்றுப் பதினோராவது ஆட்டம்

யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால், இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகப் பேசுவார்கள். இருந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கூடத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள் நான்கு பேர். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். உறவில் எல்லோருக்கும் அவர் 'தராசு'. அவருடைய மனைவி, பெரியம்மா. அவருடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவர்களுடைய தங்கை கடைக்குட்டி, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கு நர்ஸ். மேடையில் இருந்தவர்கள் இரண்டு பேர். மெக்கானிக்கின் ஒரே மகள், பதினைந்து வயது, 'புள்ளி' என்று கூப்பிடுவார்கள். அவளுடைய கூட்டாளி, மருந்துக்கடைக்காரர் மகள். அவளுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர் வைத்ததே புள்ளிதான்.

புள்ளியின் அம்மா வரவில்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை. பெரியம்மாவின் தங்கையும் வரவில்லை. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பள்ளிகள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தரம் கணித ஆராய்ச்சி நாள் நடத்துகின்றன. புத்தகத்தில் இருக்கிற கணக்கைப் போட்டுக் காட்டினால் அங்கே செல்லாது. பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வி கேட்டு, தாங்களே விடை தேடி, அதைப் பேராசிரியர்கள் முன்னால் நிரூபிக்க வேண்டும். என்ன கேள்வி கேட்பது என்று தெரியாமல் இரண்டு மாதம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த புள்ளி, போன வாரம் பரணில் ஒரு பழைய நோட்டைக் கண்டெடுத்தாள். அண்ணன் தம்பி தங்கை மூவரும் சின்ன வயதில் ஆடிய மூடி ஆட்டத்தின் கணக்கு நோட்டு அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. யார் எத்தனை மூடி எடுத்தார்கள் என்பது வரைக்கும் அவள் அப்பா எழுதி வைத்திருந்தார். இருநூற்றுப் பதினோரு வரி.

கேள்வி கிடைத்துவிட்டது. அதோடு கடைக்குட்டி அத்தைக்கும் அழைப்பு போய்விட்டது, பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

ஆராய்ச்சி நாளன்று காலை தராசுப் பெரியப்பா கண்ணாடி முன் நின்று காலரை மூன்றாவது தடவையாகச் சரிசெய்துகொண்டிருந்தார். மாடியிலிருந்து புள்ளி தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே சோடா மூடிகள் குலுங்கின.

அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. ஆகாது என்றால், நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

"டின்னைக் கீழே வை. காது கேட்குது எனக்கு."

"பெரியப்பா, கடைசிப் பக்கம்..."

"பேசி முடிச்சாச்சு."

"ஒரு பக்கம்தானே?"

"ஒரு பக்கம்தான். அதான் வேண்டாம்கிறேன். எவனெவனோ வந்து உட்கார்ந்திருப்பான். அவன் முன்னால நம்ம வீட்டுப் பஞ்சாயத்தைத் திரையில போட்டுக் காட்டுவியா?"

பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நாப்பது வருஷமா திரை போட்டு மூடினதுல என்ன வாழ்ந்துட்டோமாம்?"

"நீ உன் வேலையைப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க சட்டைக்குத்தான் பட்டன் தைக்கிறேன்."

புள்ளி விடவில்லை. அவளுக்குப் பிடிவாதம் இந்தக் குடும்பத்து ரத்தத்தில் வந்தது. அதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை.

"இருநூத்திப் பதினொண்ணுல ஒண்ணை எடுத்துட்டா கணக்கு பொய்யாயிடும் பெரியப்பா. ஒரு எடைக்கல்லை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு, தராசு சரியா இருக்குன்னு சொல்லச் சொல்றீங்க."

அவர் கை காலரிலேயே நின்றது. முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். அவர் மொழியிலேயே அவரைக் கேட்டவர் யாருமில்லை.

ஆனாலும் அவர் தராசு.

"நோட்டு என் கையில்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தைப் பத்திப் பேச்சு வந்தா, நான் எழுந்து போயிடுவேன். அப்புறம் உன் இஷ்டம்."

புள்ளி டின்னைக் கீழே வைத்தாள்.

"சரி. இருநூத்திப்பத்து. ஆனா, 'ஒரு ஆட்டம் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்படவில்லை'ன்னு கீழே ஒரு வரி போடுவேன். அது இல்லாம மேடை ஏற மாட்டேன்."

அவர் தலையாட்டினார். அவர் கடைகளில் எழுதிக் கொடுத்த சோதனைச் சீட்டுகளைப் போல அதுவும் நேர்மையானதுதான்.

மூடி ஆட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இருபத்தொரு சோடா மூடி. மூன்று பேர். வயது வரிசைப்படி, பெரியவன், சின்னவன், கடைக்குட்டி என்று சுற்றிச் சுற்றி வரும். ஒரு முறைக்கு ஒரு மூடி எடுக்கலாம், இல்லை இரண்டு எடுக்கலாம். எடுக்காமல் இருக்கக் கூடாது. கடைசி மூடியை யார் எடுக்கிறாரோ அவருக்கு ஜெயம்.

அப்போது அவர்கள் குடியிருந்தது அரசாங்கக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. இரண்டே அறை. உள்ளறையில் ஒரே ஜன்னல். வெயில் காலத்தில் ஜன்னலோரம் படுப்பவர் மனிதர்; சுவரோரம் படுப்பவர் வெந்துபோன கிழங்கு. அதனால் சாயங்காலம் மூவரும் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். ஜெயித்தவருக்கு ஜன்னல். வானொலியில் எந்த நிகழ்ச்சி, கடைசி ரொட்டித்துண்டு யாருக்கு, எதுவானாலும் ஜெயித்தவர் வாக்குத்தான்.

கீழ்த்தளத்து விளக்கு எரியாது. ஒவ்வொரு மாடிக்காரரும் ஏறிப் போகும்போது கால்களை மடக்கி வழி விடுவார்கள். சிமெண்ட் தரை குளிர்ந்திருக்கும். மூடிகளை அடுக்கும் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கிழவர், "இன்னிக்கு யாருக்குக் காற்று?" என்று கதவுக்குள்ளிருந்தே கேட்பார்.

"பெரியவனுக்கு!" என்று கத்துவாள் கடைக்குட்டி.

பெரும்பாலும் பெரியவனுக்குத்தான். நோட்டின்படி அவர் ஜெயித்தது நூற்று முப்பத்தொன்பது. தம்பி அறுபத்துநான்கு. கடைக்குட்டி எட்டு. நாற்பது வருஷமாக அந்த எண்ணை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை. இந்த வீட்டில் மூளைக்காரன் யார் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது.

கூடத்தில் நல்ல கூட்டம். சுவரெல்லாம் அட்டைகள். ஷூ லேஸை எத்தனை விதமாகக் கோக்கலாம் என்று ஒரு பையன் வருவோர் போவோரையெல்லாம் நிறுத்திக் காலைக் காட்டச் சொன்னான். ஒரு பெண் காகிதத்தை மடித்து மடித்து, கசங்கின குப்பைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தார்.

"அண்ணா, இந்தப் பையன் லிஃப்ட் காத்திருக்கிற நேரத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்கான். எங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைக்குத் தூக்கிக்குவாங்க."

"வாயை மூடு. வர்றா."

கடைக்குட்டி வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தேழு வயது. தலையில் பாதி நரை. நடை மட்டும் மாறவில்லை. எங்கோ யாரோ வலியில் காத்திருப்பதுபோல் வேகமாக வரும் நடை.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் பெரியவரைப் பார்த்து.

"இருக்கேன். வண்டி நேரத்துக்கு வந்துதா?"

"வந்துது."

அவ்வளவுதான். கல்யாணத்திலும் சாவிலும் நாற்பது வருஷமாக அவர்கள் பேசிக்கொள்வது இந்த நான்கு வாக்கியம்தான். கடைசி ஆட்டம் நடந்த நாளுக்கு முன்னால் அவள் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டாள், வாய் நிறைய. மரியாதை வந்தது அதற்குப் பிறகு.

மூவரும் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே பெரியவர், தம்பி, தங்கை என்று வயது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் மறுபக்கம் இருந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

புள்ளியின் முறை வந்தது. கூட்டாளிகள் இருவரும் மேஜை மேல் மூடிகளை அடுக்கினார்கள். மேலேயிருந்த கேமரா அதைப் பெரிதாகத் திரையில் காட்டியது. இருட்டுப் படிக்கட்டில் ஆடியதை இவ்வளவு வெளிச்சத்தில் பெரியவர் பார்த்ததே இல்லை.

"மூணு மூடி மிச்சம் இருக்குன்னு வச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள் புள்ளி. "எடுக்கிறவர் ஒண்ணு எடுத்தா ரெண்டு மிச்சம். ரெண்டு எடுத்தா ஒண்ணு மிச்சம். எப்படியும் அடுத்தவர் மிச்சத்தை அள்ளிக்கிட்டுப் போயிடுவார். மூணுல மாட்டினவருக்கு வழியே இல்லை."

இன்னொரு மூடியை வைத்தாள்.

"இப்ப நாலு. இவர் ரெண்டு எடுத்தா, மிச்ச ரெண்டை அடுத்தவர் எடுத்து ஜெயிப்பார். ஒண்ணு எடுத்தா, மூணு மிச்சம். அடுத்தவர் மூணுல மாட்டிக்குவார். அதுக்கும் அடுத்தவர் ஜெயிப்பார். இவர் என்ன பண்ணினாலும் இவருக்கு ஜெயம் கிடையாது."

திரையில் தெரிந்த நாலு மூடிகளையும் காட்டினாள்.

"ஆனா, மத்த ரெண்டு பேர்ல யார் ஜெயிக்கணும்னு முடிவு பண்றது இவர் மட்டும்தான்."

நடுவராக இருந்த பேராசிரியை கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

அடுத்து கம்ப்யூட்டர் பேசினாள். அவளுக்கு எல்லாமே அவசரம். "ஒரு தடவைக்கு அஞ்சு வரைக்கும் எடுக்கலாம்னு விதியை மாத்தினா, அந்த மாதிரி முதல் இடம் ஏழு. பத்து வரைக்கும்னா பன்னெண்டு. அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாமோ அதோட ரெண்டைக் கூட்டணும். ஆடுறவங்க மூணு பேரா இருந்தாலும் முப்பது பேரா இருந்தாலும் அது மாறாது. நான் ராப்பகலா உட்கார்ந்து புரோகிராம் எழுதிப் பத்தாயிரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அதுக்கப்புறம் இவ ரெண்டே வரியில நிரூபிச்சுட்டா. என் உழைப்பெல்லாம் போச்சு."

கூடம் சிரித்தது.

"இந்த எண்ணுக்கு நாங்க வச்ச பேர் 'கடைக்குட்டி எண்'" என்றாள் புள்ளி.

தம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் கை, கைப்பையின் வாரில் இறுகியதைப் பெரியவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஏன்னா, என்கிட்ட உண்மையான ஆட்டங்களோட நோட்டு ஒண்ணு இருக்கு. மூணு பேர் குடும்பத்துல ஆடினது. அதுல கடைசியா ஆடுறவங்க முன்னால நாலு மூடி வந்தது அறுபத்திரண்டு தடவை. அறுபத்திரண்டு தடவையும் அவங்க ரெண்டு எடுத்திருக்காங்க. அறுபத்திரண்டு தடவையும் முதல் ஆள்தான் ஜெயிச்சிருக்கார்."

பெரியவர் நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு எப்போதும் அப்படித்தான் இருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று முதுகைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவர் கண் முன்னால் நகம் கடித்த சின்ன விரல்கள் வந்தன. இரண்டு மூடியை எடுத்துக்கொண்டு, மிச்ச இரண்டை அவர் பக்கம் தள்ளிவிடும் விரல்கள். "ம், எடுத்துக்கோ" என்பாள். அப்புறம் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து, "பெரியவனுக்கு!" என்று கத்துவாள். ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, 'பாவம், இவளுக்கு இன்னும் ஆடத் தெரியலையே' என்று அவர் நினைத்துக்கொண்ட இரவுகள் எத்தனை! ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். கீழே கடைசி பஸ் திரும்பும். சுவரோரத்தில் அவள் புரண்டு புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும்.

அறுபத்திரண்டு இரவு. அத்தனையும் அவள் தூக்கிக் கொடுத்த காற்று.

"ஒரு கேள்வி" என்றார் பேராசிரியை. "கணக்கு சுத்தமா இருக்கு. நிரூபணம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தக் கடைசி ஆளுக்குத் தன் கையில் தீர்மானம் இருக்குன்னு தெரியும்னு எப்படிச் சொல்றே? அறுபத்திரண்டு தடவையும் ஒரே மாதிரி ரெண்டு எடுத்திருக்காங்க. அது வெறும் பழக்கமா இருக்கலாமே? கைக்கு வந்ததை எடுத்திருக்கலாம். அப்படின்னா நீ வச்ச பேருக்கு அர்த்தமில்லை."

புள்ளி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை மாத்தி எடுத்திருந்தாப் போதும். இங்க கீழே ஒரு ஆட்டம் சேர்க்கலைன்னு எழுதியிருக்கியே, அது என்ன?"

கம்ப்யூட்டர் புள்ளியின் முழங்கையைக் கிள்ளினாள். பெரியப்பாவைப் பார்க்கக் கூடாது என்று புள்ளி தரையைப் பார்த்ததைப் பெரியப்பா பார்த்துவிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள். பரிசு போகட்டும் என்று நிற்கிறாள்.

அவர் மடியில் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் திறக்காமலே தெரியும்.

அந்த ஆட்டம் ஜன்னலுக்காக ஆடினதில்லை. கடைக்குட்டிக்குத் தூர ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. 'போகக் கூடாது' என்றார் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெரியவர். 'போகட்டும்' என்றார் தம்பி. அப்பா இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க மூணு பேருமே முடிவு பண்ணிக்குங்க" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். முடிவு பண்ண அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படிக்கட்டுக்குப் போனார்கள். கடைக்குட்டி முன்னால் நாலு மூடி வந்தது. அவள் ஒன்று எடுத்தாள். நாலு மூடி இருக்கும்போது வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று.

தம்பியும் தங்கையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சத்தம் போட்டார். எல்லா மாடிக்காரர்களும் வந்து நின்றார்கள். சிவப்புப் பென்சிலால் அந்த வரியின் மேல் குறுக்கே எழுதினார்: கள்ள ஆட்டம்.

மறுநாள் அவள் போனாள். அவர் வழியனுப்பப் போகவில்லை.

பெரியவர் எழுந்தார்.

நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது. "ஏங்க..." என்றாள் பெரியம்மா. தம்பி தலையைக் குனிந்துகொண்டார். வாசல் வலது பக்கம் இருந்தது.

அவர் இடது பக்கம் நடந்தார். படி ஏறினார். கேமராவுக்குக் கீழே நோட்டை வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, உள்ளங்கையால் நன்றாகத் தடவி விரித்தார். பிறகு, கடையில் எடைகளைச் சரிபார்த்து உரக்கச் சொல்லும் அதே குரலில் வாசித்தார்.

"ஆட்டம் இருநூற்றுப் பதினொன்று. இரண்டு, ஒன்று, ஒன்று. இரண்டு, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, இரண்டு. ஒன்று, இரண்டு. மிச்சம் நாலு. கடைக்குட்டி எடுத்தது" என்று சொல்லி முன்வரிசையைப் பார்த்தார். "ஒன்று. பெரியவன் இரண்டு. சின்னவன் ஒன்று. ஜெயம் சின்னவனுக்கு."

"அப்போ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் பேராசிரியை மெதுவாக.

"முதல் நாளிலிருந்தே தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"குறுக்கே சிவப்புல என்னவோ எழுதியிருக்கே?"

பெரியவர் அந்த எழுத்தைப் பார்த்தார். திரையில் அது ஆளுயரத்துக்கு இருந்தது.

"அது ஆட்டத்தைச் சேர்ந்தது இல்லை. அப்ப இருந்த ஆய்வாளரோட குறிப்பு. பரிசோதிக்காம முத்திரை குத்திட்டார்." விரலால் அந்தச் சிவப்பு எழுத்தைத் தொட்டார். "அவர் இப்ப ஓய்வு பெற்றாச்சு."

சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. புள்ளி மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஆட்டத்துல விதிமீறல் எதுவும் இல்லைங்க மேடம். யாரும் யாரோடயும் பேசி வைக்க வேண்டியதே இல்லை. நாலு மூடி, மூணு பேர். அந்த இடத்துல உட்கார்ந்திருந்தா யார் வேணும்னாலும் இதைச் செய்யலாம். இருநூத்திப் பதினொண்ணும் சரியான ஆட்டம்தான்."

பரிசு அறிவிப்பு மாலையில்தான் என்றார்கள். அதற்குள் பசி வந்துவிட்டது. எல்லோரும் வளாகத்து உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். பெரியவர் மட்டும் கல்லாவுக்குப் போனார்.

"நாலு சோடா மூடி வேணும்."

"சோடாவா சார்?"

"மூடி."

"மூடி மட்டும் தர்றதில்லை சார்."

"அப்ப நாலு சோடா கொடு. என் கண் முன்னால திற."

மூடிகளைக் கைக்குட்டையில் துடைத்து, தம்பிக்கும் தங்கைக்கும் நடுவில் மேஜையில் வைத்தார். நாலு. வரிசையாக. பக்கத்து மேஜையிலிருந்து புள்ளியும் கம்ப்யூட்டரும் எழுந்து வந்து நின்றார்கள்.

"என் முறை" என்றார்.

"எப்படி? யாரு முதல்ல ஆரம்பிச்சது?" என்றார் மெக்கானிக்.

"நான்தான் பெரியவன். என் முறைன்னா என் முறை."

ஒரு மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மிச்சம். மெக்கானிக் அண்ணனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "மாட்டி விட்டுட்டியேண்ணா" என்று முனகிக்கொண்டே ஒன்றை எடுத்தார்.

கடைக்குட்டி மிச்ச இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசிமுனையிலும் நடுங்காத விரல்கள் அவை. இப்போது அவற்றால் ஒரு சோடா மூடியை உடனே எடுக்க முடியவில்லை. பிறகு எடுத்தாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கடைக்குட்டிக்கு ஒன்பதாவது ஜெயம்" என்றார் பெரியவர். "நோட்டுல எழுது."

தம்பி சட்டைப்பையில் பேனா தேடினார். பெரியம்மா சோடாவைக் குடித்துவிட்டு, "மூணும் இன்னும் வளரவே இல்லை" என்று புள்ளியிடம் சொன்னாள்.

"நம்பர் என்ன போடறது? இருநூத்திப் பன்னெண்டா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"பதிமூணு" என்றாள் கடைக்குட்டி.

"பன்னெண்டுதான். அந்த ஆட்டத்தோட நான் நோட்டை மூடிட்டேன்" என்றார் பெரியவர்.

"நீ மூடிட்டு வெளியே போயிட்டே." அந்த 'நீ' மேஜை மேல் விழுந்ததை எல்லோரும் கேட்டார்கள், யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அன்னிக்கு ராத்திரி இன்னொரு ஆட்டம் நடந்தது. உன் இடத்துல ஒருத்தர் வந்து உட்கார்ந்தார்."

"யாரு?"

மெக்கானிக் திடீரென்று கூரையில் ஓடும் மின்விசிறியை மிகவும் கவனமாக ஆராய ஆரம்பித்தார்.

"டேய். யாருடா? அப்பாவா?"

"எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்று கடைக்குட்டி எழுந்தாள். மூடிகளைக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்தாள். "ஸ்டேஷன் வரைக்கும் வர்றதா இருந்தா வா. வழியில சொல்றேன்."

பெரியவர் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அன்று மாலைக்குள் உறவு வட்டாரம் முழுவதும் ஒரு செய்தி பரவிவிட்டது. தராசு மேடையேறிக் கதறி அழுதாராம், ஊரறியத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டாராம். கிளப்பியவர் பெரியம்மாவின் தங்கை. அவர் அங்கே இல்லை.

அது பொய். தராசு அழவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அவர் ஒரு மூடி எடுத்தார்.